தேவனேரிக்கு ஒரு கம்புக் குதிரையோடு

இந்த வலைப்பதிவில் வேடந்தாங்கலுக்குப் போனதை எழுதியிருக்கிறேன். செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களுக்குப் போனதை எழுதியிருக்கிறேன். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், எங்கே டீ நன்றாக இருக்கும், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடமாக என் கட்டிலுக்கு அடியில் ஒரு குதிரை இருப்பதை மட்டும் சொன்னதில்லை.

பொங்கல் முடிந்து வந்த இரண்டாவது சனிக்கிழமை, மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரியில் கம்புக் குதிரைப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொள்ளப் போனேன். பார்க்க இல்லை, கலந்துகொள்ள. இதைப் போன்ற பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. ஒருவர் இருந்தாலும் அவருக்கு வழி தெரியட்டும், நான் செய்ததை அவர் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பு, அதன் நுனியில் துணியால் தைத்துப் பஞ்சு அடைத்த குதிரைத் தலை, அதற்கு ஒரு கடிவாளம். கம்பைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், தடைகளைத் தாண்ட வேண்டும். இடுப்புக்கு மேலே நீங்கள் சவாரி செய்கிறவர், முதுகு வளையக் கூடாது, தோள் ஆடக் கூடாது. இடுப்புக்குக் கீழே நீங்கள்தான் குதிரை. பின்லாந்துப் பக்கம் பள்ளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இதை விளையாடுகிறார்கள். நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் "பொய்க்கால் குதிரையா?" என்பார்கள். அது இல்லை. அதைப் பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். இதைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. செங்கல்பட்டில் வீடு, சிறுசேரியில் வேலை, ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு. மாலை நடைக்குக் கொளவாய் ஏரிக்கரைக்குப் போவேன். அங்கேதான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். பதினோராம் வகுப்பு. பிளம்பர் குழாய்களை வெட்டித் தடையாக நட்டு, இன்னும் இரண்டு மூன்று பெண்களோடு தாண்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட, பக்கத்தில் நின்ற என்னிடம், "அக்கா, இத்தக் கொஞ்சம் புடிங்க" என்று குதிரையைக் கொடுத்தாள். கொடுத்தவள் லேஸைக் கட்டி நிமிரும்போது நான் அங்கே இல்லை, விளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏன் ஓடினேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கையில் கடிவாளம் இருந்தது, கால் போய்விட்டது.

அடுத்த மாதம் என் கணவரின் பழைய காபி நிறப் பேன்ட்டை வெட்டி எனக்கொரு குதிரை தைத்தேன். பிடரிக்கு மஞ்சள் கம்பளி நூல். "சோளக்கொண்ட மாதிரி கீதுக்கா" என்றாள் ஸ்டெல்லா. அதனால் பெயர் சோளம். அவளுடைய கறுப்புக் குதிரையின் பெயர் ராக்கெட். விடிந்தும் விடியாத நேரத்தில், ஏரிக்கரையில் ஆள் சேர்வதற்கு முன்னால், நாங்கள் இருவரும் ஜோடிச் சவாரி பழகினோம். ஜோடிச் சவாரி என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அடியாக ஓடித் தடைகளைத் தாண்டி ஒன்றாக நிற்பது. வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவர் நீட்டி அடி வைக்க வேண்டும், உள்பக்கம் ஓடுகிறவர் குறுக்கி வைக்க வேண்டும். ஸ்டெல்லாவின் கால் நீளம், அவள் வெளியே. நான் உள்ளே. விடியற்காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

போட்டிக்குப் போவதில் ஒரு காரியம் அடங்கியிருந்தது. ஸ்டெல்லாவின் அம்மா ரெபேக்கா மதுராந்தகத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீடு செய்யூருக்கு அந்தப் பக்கம். மகள் செங்கல்பட்டில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். இந்தக் குதிரை விஷயம் ரெபேக்காவுக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் ஆட்டம், பன்னிரண்டாம் வகுப்புக்குள் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஸ்டெல்லா அம்மாவிடம் வைத்த வாதம் ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்:

"எங்கூட ஜோடியா ஓடறவங்க சிறுசேரில பெரிய வேலையில கீறாங்க, எங்கம்மாவவுட மூத்தவங்க, அவங்களே ஓடறாங்கன்னேன். எங்கம்மா நம்பவே இல்லக்கா. சரி, வந்து ஒருவாட்டி பாத்துட்டு சொல்றேன்னுச்சு."

ஆக, அந்த வாதம் நான்தான்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர், திருக்கழுக்குன்றம் வழி. காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து. டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். சோளத்தைப் பழைய போர்வையில் சுற்றி, இரண்டு இடத்தில் நாடா கட்டியிருந்தேன். கிளம்பும்போது கணவர், "குதிரைக்குத் தண்ணி வச்சியா?" என்றார். அவர் ஒரு வருடமாகச் சொல்லும் நகைச்சுவை அது.

நடத்துனர் அருகில் வந்து போர்வையை ஒரு தட்டு தட்டினார்.

"இன்னாம்மா இது, நீட்டா? லக்கேஜு போடணுமா?"

"இல்லங்க, ஒட்டடைக் கம்பு."

"மாபலிபுரத்துக்கா? அங்க கோயில்ல ஒட்டட அடிக்கப் போறியா? கல்லு கோயிலும்மா அது." பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒட்டடைக் கம்பு என்று சொன்னது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இந்தத் தடத்தில் போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயில் வலது பக்கம் ஏறும். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயில் படிகளில் அந்த நேரத்துக்கே ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்பார்கள், டீ குடிக்கலாம், ஆனால் ஓட்டுநரைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும். அதற்கப்புறம் இரு பக்கமும் வயல், சம்பா அறுப்பு முடிந்த தாளடி, நடுநடுவே வேலி போட்ட மனைகள். மாமல்லபுரத்தில் இறங்கியபோது எட்டு ஆகவில்லை. அங்கிருந்து தேவனேரி மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆட்டோ நூறு ரூபாய். நூற்றைம்பது கேட்பார்கள், நடக்கத் தொடங்கினால் கூப்பிடுவார்கள்.

போட்டி நடந்த இடம் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதி. சவுக்குத் தோப்பு, நடுவில் அகலமான புல்தரை, அதற்கு அப்பால் ஒரு சின்ன மரக் கதவு, கதவைத் திறந்தால் மணலும் கடலும். புல்தரையில் தடைகள் வரிசையாக நின்றன. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த பெண்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பெரும்பாலும் பள்ளி வயது. குதிரைகளைத் தரையில் போடாமல் தலை மேலே இருக்கும்படி சாய்த்து வைப்பதற்கென்று வேலியோரம் கயிறு கட்டியிருந்தார்கள். யாருடைய குதிரையையும் தொடுவதற்கு முன்னால் அதன் பெயரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களிடையே ஒரு வழக்கம். நுழைந்ததுமே ஒரு சின்னப் பெண் என் போர்வையைப் பார்த்து, "உங்க குதிரை பேரென்ன ஆன்ட்டி?" என்றாள். "சோளம்" என்றேன். "ஐ!" என்றாள். எனக்குக் காது வரை சந்தோஷம்.

முந்தின நாளே ஊருக்குப் போயிருந்த ஸ்டெல்லா ஒன்பதரை மணிக்கு வந்தாள். அம்மாவின் ஸ்கூட்டரில், செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக. ரெபேக்கா இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். பின்னல் கலையாமல், ஹெல்மெட்டை மடியில் வைத்து, புல்தரையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள் என்னை மேலும் கீழும் பார்த்து. "இவ சொல்லும்போது சும்மா வுடறான்னு நெனச்சேன்."

"நானேதான்," என்றேன்.

"வலிக்கலியாம்மா முட்டி?"

"வலிக்கும். ஓடி முடிச்சப்புறம்தான்."

அவள் சிரித்தாள். ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தாள். பாதி ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். எங்கள் முறை பத்தரை மணிவாக்கில் என்று சொன்னார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே சனிக்கிழமை எங்கள் அலுவலகக் குழு சுற்றுலா போவதாக இருந்தது. என் மேலாளர் முரளியிடம், சொந்தத்தில் ஒரு காதுகுத்து, வர முடியாது என்று சொல்லியிருந்தேன். அவர்கள் போவதாக இருந்தது முட்டுக்காட்டுக்கு. இடம் மாறியதாக வெள்ளிக்கிழமை மாலை ஒரு மெயில் வந்திருக்கிறது. நான்தான் போகவில்லையே என்று அதைத் திறக்கவே இல்லை.

பத்து மணிக்கு விடுதி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட கூட்டம் இறங்கியது. அந்த டி-ஷர்ட் நிறத்தைத் தேர்ந்தெடுத்த கமிட்டியில் நானும் இருந்தேன்.

அப்போது நான் வேலியோரம் நின்று சோளத்துக்குக் கடிவாளம் சரி செய்துகொண்டிருந்தேன். அடுத்த அரை நிமிடத்தில் என் கை செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடிவாளத்தைக் கழற்றியது. அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தது. கடிவாளம் இருந்தால் அது சவாரிக் குதிரை. இல்லாவிட்டால் பொம்மை. இது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தியாசம். முரளிக்கு எப்படி இருந்தாலும் பொம்மைதான். என் கைக்கு மட்டும் அவசரம்.

"வசந்தி! நீங்க எங்க இங்க?" முரளி வந்துவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி, அவர்களுடைய ஐந்து வயது நிலா, பின்னால் என் குழுவின் இளசுகள். "காதுகுத்துன்னீங்க?"

"இங்கதான்," என்றேன். "பக்கத்துல. மதியம்."

"இது?"

"குழந்தைக்கு. கிஃப்ட்."

"சூப்பரா இருக்கே. கையால செஞ்சதா?"

"ஆமா போல."

நிலா குதிரையின் தலையையே பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். அவள் குதிரையின் பெயரைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. "நிலா, அது வேற பாப்பாவோடது," என்று அவள் அம்மா தடுத்தாள். தடுத்தவளிடம் நான் சொன்னேன்: "பரவால்ல, கொஞ்ச நேரம் விளையாடட்டும்."

கொடுத்துவிட்டுத் தலையைத் திருப்பினேன். கயிற்றுக்குப் பக்கத்தில் ராக்கெட்டோடு ஸ்டெல்லா நின்றிருந்தாள். கேட்கும் தூரம்.  அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு நிலா கம்பைப் புல்லில் இழுத்துக்கொண்டு, என் குழுப் பெண் ஒருத்தி பின்னால் வர, மரக் கதவு வழியாகக் கடல் பக்கம் ஓடுவதைப் பார்த்தாள். பிறகு தொடக்கக் கோட்டுக்குப் போய் நின்றாள்.

இன்னும் நேரம் இருக்கிறது, இவர்கள் உள்ளே காபி குடிக்கப் போய்விடுவார்கள், நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் போகவில்லை. "என்னங்க இது, குதிரை ஆட்டமா? செமையா இருக்கு," என்று வேலியோரமாகவே நின்றுவிட்டார்கள். போன்களை எடுத்தார்கள். முன்னால் ஓடிய ஜோடிக்குச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நான் அவர்களோடு நின்றேன். அவர்கள் சிரித்த இடங்களில் நானும் சிரித்தேன்.

ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. "அடுத்த ஜோடி, செங்கல்பட்டு. ஸ்டெல்லா, ராக்கெட். வசந்தி, சோளம்."

"பாருங்க, உங்க பேருல இன்னொருத்தங்க," என்றார் முரளி.

"ஆமா," என்றேன் நான்.

மணி அடித்தார்கள். மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருக்க மாட்டேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து ரெபேக்கா எழுந்து நின்று கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

நிமிடம் முடிவதற்குள் ஸ்டெல்லா கிளம்பினாள். தனியாக.

ஜோடிச் சவாரியில் தனியாக ஓடினால் மதிப்பெண் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் தனியாக ஓடுகிறவள் மாதிரி ஓடவில்லை. முதல் தடையின் நடுவில் தாண்ட வேண்டியவள் வலது ஓரத்தில் தாண்டினாள். இடது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள். வளைவு வந்தபோது குறுக்கே போகாமல் வெளிப்பக்கமாகவே, நீட்டி நீட்டி அடி வைத்துச் சுற்றினாள், உள்ளே ஒருத்தி குறுகிய அடி வைத்து வருவதைப் போல. இரண்டாவது தடைக்கு முன்னால் ஒரு நொடி வேகத்தைக் குறைத்தாள். ஏரிக்கரையில் நான் எப்போதும் பிந்துகிற இடம் அது.

என் குழுவில் ஒரு பையன், "ஏன் ஓரமாவே ஓடுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டான்.  நடுவர் மணியடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசித் தடைக்கு அப்புறம் அவள் நின்று தலை வணங்கியபோதும் பக்கத்தில் அந்த இடம் அப்படியே இருந்தது. என் அளவு இடம்.

ஒரு வருடமாக ஏரிக்கரையில் விழுந்து எழுந்தும் நான் வாங்காத அடி அது. ஓடாமலே எனக்கு மூச்சு வாங்கியது.

அப்போதுதான் மரக் கதவைத் திறந்துகொண்டு நிலா வந்தாள். சோளத்தை அலையில் குளிப்பாட்டியிருக்கிறாள். பஞ்சு முழுக்கத் தண்ணீர் குடித்து, தலை கம்பிலிருந்து ஒரு பக்கம் தொங்கியது. மஞ்சள் பிடரியில் மணல். முரளியின் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஐயோ வசந்தி, சாரி," என்றார் முரளி. "புதுசு வாங்கிக் குடுத்துடறேன். இது எங்க கிடைக்கும்?"

"கிடைக்காது," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "கிடைக்காது முரளி. நான் தைச்சது. காதுகுத்து எதுவும் இல்ல. அந்த வசந்தி நான்தான். இது என்னுது."

பிறகு நான் ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் குனிந்து, "அக்கா குதிரையக் குடுத்துடும்மா" என்று கேட்க வேண்டியிருந்தது. அவள் கொடுக்கவில்லை. "என் குதிரை," என்றாள். "இல்ல கண்ணு, என் குதிரை," என்றேன். இரண்டு பேரும் கம்பின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்திருந்தோம். அவள் அழத் தொடங்கினாள். அத்தனை டி-ஷர்ட்டுகளும் பார்த்துக்கொண்டு நின்றன. சற்று முன்னால் எதற்குப் பயந்து அதைக் கொடுத்தேனோ, அதைப் போல் பத்து மடங்கு அங்கே நடந்தது. "ஓ," என்றார் முரளி. "ஓகே, ஓகே." வேறென்ன சொல்வார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

ஈரக் குதிரையோடு ரெபேக்காவின் நாற்காலிக்குப் போனேன். ஸ்டெல்லா பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரெபேக்கா முந்திக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இன்னாம்மா நீங்க. இவ்ளோ படிச்சு, கை நெறய சம்பாரிச்சுகினு கீறீங்க. நீங்களே இத்த ஒளிச்சு வெக்கறீங்க. எம் பொண்ணு மட்டும் நாலு பேரு எதுர்ல எதுக்கு ஓடணும்? அவளுக்கு மானம் இல்லியா?"

"அம்மா, வுடு," என்றாள் ஸ்டெல்லா.

"நீ சும்மா கெட. நைட்டு டூட்டி பாத்துட்டு நாப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டினு வந்தேன்டி. எதுக்கு? இவங்கள பாக்க."

 என் படிப்பும் சம்பளமும் அவள் மகளுக்கு ஒரு சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் வேலியோரம் நின்று சிரித்தன. இதை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் வேறு மாதிரி வரவில்லை.

"மன்னிச்சுடு ஸ்டெல்லா," என்றேன்.

அவள் சோளத்தின் தொங்கிய தலையைப் பார்த்தாள். "உப்புத் தண்ணி. நூலு வெறச்சிக்கும்," என்றாள். பிடரியை விரலால் தொட்டுவிட்டு, "கடிவாளம் எங்க?" என்றாள்.

கைப்பையிலிருந்து எடுத்தேன். அதில் என் சீப்பு சிக்கியிருந்தது.

"மாட்டுங்க. கடைசிச் சுத்துக்குக் கூப்புடுவாங்க."

"நான் எப்படிம்மா..."

"எல்லாரும் போவணும். அவுட்டானவங்களும்தான். அதான் ரூலு." அக்கா என்று சொல்லவில்லை.

கடைசிச் சுற்று என்பது பரிசுக்கு முன்னால் எல்லாக் குதிரைகளும் ஜோடி ஜோடியாக இடத்தை ஒரு முறை சுற்றிவருவது. தோற்றவர், விழுந்தவர், விலக்கப்பட்டவர் எல்லாரும் வர வேண்டும். அந்த விடுதியில் அந்தச் சுற்று சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டிப் போனது. திறந்த கூடம். என் குழு பிரியாணியின் முன்னால் உட்கார்ந்திருந்தது.

சோளத்தின் தலை நிற்கவில்லை. ஒரு கையால் கடிவாளத்தையும் மறு கையால் அதன் தாடையையும் தாங்கிக்கொண்டு ஓடினேன். ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் என் பேன்ட்டில் வடிந்தது. பார்ப்பதற்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும், அதற்கப்புறம் அலுவலகத்தில் ஒரு வீடியோ சுற்றியது, நானும் பார்த்தேன். முதுகு வளைந்துதான் இருக்கிறது. கூடத்தைத் தாண்டும்போது ஒருவர் கை தட்டினார், ஒருவர் "மேம்!" என்று கத்தினார், ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிலா மட்டும் மேசை மேல் ஏறி நின்று, அது தன் குதிரை என்று எல்லாருக்கும் சொன்னாள். எனக்கு வெட்கம் போய்விடவில்லை. போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்கத்தோடேயே ஓடலாம் என்பது மட்டும் தெரிந்தது. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம் என்பதும் தெரிந்தது. இரண்டாவதுதான் வலித்தது.

ஸ்டெல்லா வெளிப்பக்கம் ஓடினாள். நான் பிந்தியபோது அடியைக் குறைக்கவில்லை. வளைவில் நானாக எட்டிப் பிடித்தேன்.

ரெபேக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ளும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்கு நானே வரேன். விடியக்காத்தால இல்ல, சாயங்காலம். ஜனங்க இருக்கற நேரம். நீங்க வரீங்களா இல்லியான்னு பாத்துட்டு இவளுக்குப் பதில் சொல்றேன்." ஸ்டெல்லா பின்னால் உட்கார்ந்து ராக்கெட்டை முதுகில் மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மூன்று மணிப் பேருந்து. ஈரக் குதிரையைப் போர்வையில் சுற்ற முடியாது, பூஞ்சை பிடிக்கும். தலை வெளியே தெரிய மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் மீன் கூடையோடு ஒரு பெண். கூடையை விடக் குதிரை அதிகம் நாறியது.

"யாருதும்மா அது? கொயந்தைதா?"

"இல்ல. என்னுது."

"உன்னுதா?" அவள் சோளத்தின் கண் பொத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ இன்னா பண்ணுவ அத்த வெச்சுகினு?"

"ஓடுவேன்."

"எங்க?"

"ஏரிக்கரைல."

"தோடா," என்றாள். திருக்கழுக்குன்றம் வரை கூடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது மட்டும், "கண்ணு ஒண்ணு தொங்கிகினு கீது பாரு, தச்சுடு," என்றாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தேவனேரிக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறி, மாமல்லபுரத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம். நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள். ஜனவரியிலும் பதினோரு மணிக்கு மேல் வெயில் சுடும், தொப்பி வேண்டும். புல்தரைக்கு ஷூ போதும், மணலில் ஓடாதீர்கள், கணுக்கால் பிரளும். கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்துத் தனியாகக் காயவையுங்கள். பஞ்சோடு வெயிலில் வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே அழுகும். சோளம் காய மூன்று நாள் ஆயிற்று. பிடரி நூல் விறைத்துத்தான் போனது, ஸ்டெல்லா சொன்னது சரி.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சோளத்தோடு ஏரிக்கரைக்குப் போனேன். நடைப்பயிற்சிக் கூட்டம், சுண்டல் வண்டி, எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர். ரெபேக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா குழாய்களை நட்டு முடித்து, தொடக்கக் கோட்டில் நின்றிருந்தாள். இடது பக்கம் இடம் விட்டிருந்தாள்.

கடைசிக் குறிப்பு. வழியில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், யாருடையது என்று. அதற்கான பதிலை வீட்டிலேயே, சத்தமாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.